புரதத்துக்குள் உட்கார்ந்திருக்கும் உலோகம்

அடுப்பில் வேகும் முளைக்கீரை பச்சைப்பசேல் என்று இருக்கும். அதில் புளிக்கரைசலை ஊற்றிக் கொதிக்க விடுங்கள். சற்று நேரத்தில் பச்சை மங்கி, பழுப்பு கலந்த வாடிய நிறம் வந்துவிடும். சத்தெல்லாம் போய்விட்டது என்று சிலர் நினைப்பார்கள். போனது முக்கியமாக ஓர் அயனிதான். கீரைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையத்தின் நட்டநடுவில் ஒரு மெக்னீசியம் அயனி இருக்கிறது. புளியின் அமிலம் அதை வெளியேற்றி, அந்த இடத்தில் இரண்டு ஹைட்ரஜன்களை வைத்துவிடுகிறது. பச்சையத்தின் முக்கிய வகையில் மொத்தம் 137 அணுக்கள். அவற்றில் ஒன்று இடம் பெயர்ந்ததும் நிறமே மாறிவிடுகிறது. ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் அமிலம் முறிந்து பச்சை நிலைக்கும். ஆனால் சோடா தயமின் என்ற பி வைட்டமினை அழித்துவிடும் என்பதால் அந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

உயிருள்ளவற்றுக்குள் இப்படி ஒன்றிரண்டு உலோக அணுக்களை நம்பியிருக்கும் மூலக்கூறுகள் ஏராளம். புரதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு ஏதாவது ஓர் உலோகம் வேண்டும். அந்த உலோகம் அங்கே என்ன செய்கிறது? புரதம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளக் கூடாதா?

உலோகம் என்றதும் கம்பியும் தகடும் பாத்திரமும்தான் கண்ணில் வரும். உடலில் அது அந்த வடிவில் இருப்பதில்லை. எலக்ட்ரான்களை இழந்து நேர் மின்னூட்டம் பெற்ற தனித்தனி அணுக்களாக, அதாவது அயனிகளாக இருக்கிறது. சோடியமும் பொட்டாசியமும் ஓர் எலக்ட்ரானை இழந்து +1 ஆகின்றன. கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் இரண்டை இழந்து +2 ஆகின்றன. இரும்பு +2 ஆகவும் இருக்கும், +3 ஆகவும் இருக்கும். இந்த ஊசலாட்டம்தான் இரும்பின் பலம். அதன் ஆபத்தும் அதுவே.

புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் கோக்கப்பட்ட சங்கிலிகள். அந்த இருபதிலும் இருப்பவை கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம் ஆகிய ஐந்தே தனிமங்கள். இவற்றை வைத்துப் புரதம் எவ்வளவோ செய்கிறது. ஆனால் இரண்டு வேலைகளில் அதன் கை ஓங்குவதில்லை. ஒரே புள்ளியில் வலுவான நேர் மின்னூட்டத்தைக் குவித்து, பக்கத்து மூலக்கூறின் எலக்ட்ரான்களைச் சுண்டி இழுப்பது ஒன்று. எலக்ட்ரானை ஒவ்வொன்றாக வாங்கிக் கொடுத்து, திரும்பத் திரும்ப அதே வேலையைச் சேதமில்லாமல் செய்வது மற்றொன்று. உலோக அயனிக்கு இரண்டும் சுலபம். அதனால் புரதம் அதற்கு ஓர் இருக்கை போட்டுக் கொடுத்து வேலை வாங்குகிறது.

அந்த இருக்கையின் அமைப்பைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். உலோக அயனியைச் சுற்றி நின்று அதைப் பிடித்திருக்கும் அணுக்களையும் தொகுதிகளையும் பள்ளி வேதியியலில் ஈனிகள் என்று படித்திருப்பீர்கள். புரதத்தில் இந்த வேலைக்கு வழக்கமாக வருபவை சில அமினோ அமிலங்களே: ஹிஸ்டிடினின் நைட்ரஜன், சிஸ்டீனின் கந்தகம், அஸ்பார்டிக், குளூட்டாமிக் அமிலங்களின் ஆக்சிஜன். தாமிரமும் துத்தநாகமும் நைட்ரஜன், கந்தகம் பக்கம் சாயும். கால்சியமும் மெக்னீசியமும் ஆக்சிஜனை விட்டு விலகாது. உலோகம் எது என்பது பாதிக் கதைதான். அதை யார் யார் பிடித்திருக்கிறார்கள், எந்தப் பக்கம் காலியாக விட்டிருக்கிறார்கள் என்பதில்தான் மீதிக் கதை இருக்கிறது. இதற்கு இரும்பைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஒரே ஹீம், பல வேலைகள்

வளர்ந்த ஒருவர் உடலில் ஏறத்தாழ 4 கிராம் இரும்பு இருக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் இருக்கிறது. ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு. கணக்குப் போட்டால் ஒரு சிவப்பணுவிலேயே நூறு கோடிக்கும் மேற்பட்ட இரும்பு அயனிகள்.

இரும்பு நேராகப் புரதச் சங்கிலியில் ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. ஹீம் என்ற தட்டையான வளையத்தின் நடுவில் இருக்கிறது. பச்சையத்தில் மெக்னீசியத்தைச் சுற்றியிருக்கும் வளையமும் இதே குடும்பம். வளையத்தின் நான்கு நைட்ரஜன்கள் இரும்பை நான்கு பக்கமும் பிடித்துக்கொள்கின்றன. புரதத்திலிருந்து வரும் ஒரு ஹிஸ்டிடின் கீழிருந்து ஐந்தாவது பிடி போடுகிறது. மேலே ஆறாவது இடம் காலி. ஆக்சிஜன் வந்து உட்காருவது அங்கேதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஈரமும் காற்றும் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ரத்தத்தில் ஈரத்துக்கும் பஞ்சமில்லை, ஆக்சிஜனுக்கும் பஞ்சமில்லை. தனி ஹீமைத் தண்ணீரில் போட்டால் உண்மையிலேயே கெட்டுப்போகிறது. ஓர் ஆக்சிஜனை இரண்டு ஹீம்கள் இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ள, இரும்பு எலக்ட்ரானைப் பறிகொடுத்து +3 ஆகிவிடும். +3 இரும்பு ஆக்சிஜனைச் சுமக்காது. ஹீமோகுளோபின் இதைத் தடுக்கும் வழி எளிமையானது. ஒவ்வொரு ஹீமையும் தனித்தனிக் குழிக்குள் வைத்துவிடுகிறது. இரண்டு ஹீம்கள் ஒன்றையொன்று நெருங்கவே முடியாது. குழியின் உட்புறம் எண்ணெய்த்தன்மை உடையது, தண்ணீர் எளிதில் நுழையாது. எதிர்ப்பக்கத்தில் நிற்கும் இன்னொரு ஹிஸ்டிடின், வந்து உட்கார்ந்த ஆக்சிஜனை ஹைட்ரஜன் பிணைப்பால் தாங்கிக்கொள்கிறது. இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் தினமும் கொஞ்சம் ஹீமோகுளோபின் +3 நிலைக்குப் போகத்தான் செய்கிறது. அதைத் திரும்ப +2 ஆக்கச் சிவப்பணுவுக்குள் தனி நொதி வேலை செய்கிறது. சில மருந்துகளாலோ, நைட்ரேட் மிகுந்த கிணற்று நீராலோ இந்த நொதியால் சமாளிக்க முடியாத அளவுக்கு +3 பெருகினால் ரத்தம் சாக்லேட் நிறத்துக்கு மாறும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கைக்குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

கார்பன் மோனாக்சைடைப் பாருங்கள். தனி ஹீம் ஆக்சிஜனைவிட ஏறத்தாழ 20,000 மடங்கு அதிக ஆசையுடன் அதைப் பிடித்துக்கொள்ளும். ஹீமோகுளோபினின் குழிக்குள் அந்த ஆசை சுமார் 200 மடங்காகக் குறைகிறது. அதுவும் அதிகம்தான். மூடிய அறையில் கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ வைத்து உயிர் போவது அந்த 200 மடங்கால்தான். ஆனாலும் 20,000 அப்படியே இருந்திருந்தால் நாம் பிழைத்திருக்கவே முடியாது. பழைய ஹீமை உடைக்கும்போது நம் உடலே தினமும் சிறிது கார்பன் மோனாக்சைடை உண்டாக்குகிறதே.

ஹீமோகுளோபினின் வடிவத்தை முதலில் கண்டுசொன்னவர் கேம்பிரிட்ஜில் பணிபுரிந்த மாக்ஸ் பெரூட்ஸ். 1937-ல் தொடங்கிய வேலை 1959-ல்தான் கைகூடியது. தசையில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தின் வடிவத்தைக் கண்ட ஜான் கெண்ட்ரூவுடன் 1962-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பெரூட்ஸ் பின்னர் கவனித்த ஒரு விஷயம் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது. ஆக்சிஜன் இல்லாதபோது இரும்பு ஹீம் வளையத்தின் தளத்தில் சரியாகப் பொருந்தாமல், சுமார் 0.4 ஆங்ஸ்ட்ரம் கீழே தள்ளி நிற்கிறது. ஒரு ஆங்ஸ்ட்ரம் என்பது ஒரு மில்லிமீட்டரைக் கோடிக் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறு. ஆக்சிஜன் வந்து உட்கார்ந்ததும் இரும்பு மேலே நகர்ந்து வளையத்தோடு சமமாகிறது. நகரும்போது கீழே பிடித்திருக்கும் ஹிஸ்டிடினையும் இழுக்கிறது. ஹிஸ்டிடின் தன் சங்கிலியை இழுக்க, அது பக்கத்துச் சங்கிலிகளை நெகிழ்த்த, மற்ற மூன்று ஹீம்களுக்கும் ஆக்சிஜனைப் பிடிப்பது சுலபமாகிறது. நுரையீரலில் நான்கும் சட்டென்று நிரம்புகின்றன. தசையில் ஒன்று இறங்கியதும் மற்றவையும் இறங்கத் தயாராகின்றன.

இப்போது அதே ஹீமை வேறு புரதங்களில் பார்ப்போம். காயத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் வெள்ளையாக நுரை பொங்குமே, அதற்குக் காரணம் கேட்டலேஸ் என்ற நொதி. அதிலும் இதே ஹீம்தான். ஆனால் ஐந்தாவது பிடியைப் போடுவது ஹிஸ்டிடின் இல்லை, டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் ஆக்சிஜன். இந்த இரும்பு ஆக்சிஜனைச் சுமப்பதில்லை, பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. ஐந்தாவது பிடியில் சிஸ்டீனின் கந்தகம் வந்தால் அது பி450 குடும்பம். நாம் விழுங்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவற்றைக் கல்லீரலில் மாற்றி வெளியே அனுப்பத் தயார் செய்வது இந்தக் கூட்டம். மேலும் கீழும் இரண்டு இடத்தையும் புரதமே அடைத்துக்கொண்டால்? ஆக்சிஜனுக்கு இடமே இல்லை. அப்போது இரும்பு +2, +3 என்று மாறி மாறி எலக்ட்ரானைக் கைமாற்ற மட்டும் பயன்படும். செல்லின் சுவாசத்தில் சைட்டோகுரோம் சி அதைத்தான் செய்கிறது. இரும்பும் இரும்பே, வளையமும் ஏறத்தாழ அதே வளையம். பக்கத்து வீட்டுக்காரர் மாறியதும் தொழிலே மாறிப்போகிறது.

சயனைடு உயிரைப் பறிப்பதும் ஹீம் வழியாகத்தான். சுவாசச் சங்கிலியின் கடைசி நொதியில் ஆக்சிஜன் வந்து சேரவேண்டிய இடத்திலுள்ள +3 இரும்பை அது பிடித்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் செல்லால் பயன்படுத்த முடியாது. மரவள்ளிக் கிழங்கில் சயனைடு தரும் சேர்மங்கள் இயல்பாகவே உண்டு. கசக்கும் கிழங்கை ஒதுக்கச் சொல்வதும், வேகவைத்த தண்ணீரைக் கொட்டச் சொல்வதும் இதனால்தான். சயனைடுக்கு முறிமருந்தாக மருத்துவர்கள் தருவதும் ஓர் உலோகமே. ஹைட்ராக்ஸோகோபாலமின் என்பது பி12 வைட்டமினின் ஒரு வடிவம். அதன் நடுவிலுள்ள கோபால்ட், சயனைடைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு சிறுநீர் வழியே வெளியேறிவிடுகிறது. அந்தச் சிறுநீர் சிவந்திருக்கும். சேர்ந்தபின் உருவாவது சயனோகோபாலமின். மருந்துக்கடையில் வாங்கும் பி12 மாத்திரை பலவற்றின் அட்டையில் இதே பெயரைப் பார்க்கலாம்.

ஆக்சிஜனைச் சுமக்க இரும்புதான் வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. நண்டு, இறால், கணவாய் எல்லாம் தாமிரத்தை வைத்துச் சமாளிக்கின்றன. அவற்றின் ஹீமோசயனினில் இரண்டு தாமிர அயனிகள் எதிரெதிரே நின்று ஓர் ஆக்சிஜனை நடுவில் பிடித்துக்கொள்ளும். பெயரில் ஹீம் இருக்கிறதே தவிர, உள்ளே ஹீம் கிடையாது. ஆக்சிஜன் இருக்கும்போது நீலம், இல்லாதபோது நிறமில்லை. நண்டைச் சுத்தம் செய்யும்போது சிவப்பாக எதுவும் வடியாததற்குக் காரணம் இதுதான்.

மாறாத துத்தநாகம்

துத்தநாகம் இரும்புக்கு நேரெதிர். எலக்ட்ரான் வாங்கல் கொடுக்கலில் இறங்கவே இறங்காது. உடலில் எப்போதும் +2. அதற்கு இருப்பது இழுக்கும் வலிமை மட்டும். அதை வைத்து என்ன செய்யலாம் என்பதற்குக் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நல்ல உதாரணம்.

தசைகளில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, பைகார்பனேட்டாக மாறித்தான் பெரும்பாலும் ரத்தத்தில் பயணம் செய்கிறது. நுரையீரலை அடைந்ததும் திரும்ப வாயுவாக வேண்டும். நுரையீரலின் நுண்குழாயில் ரத்தம் இருக்கும் நேரம் ஒரு நொடிகூட இல்லை. நொதி இல்லாமல் இந்த மாற்றம் நடக்கப் பல நொடிகள் ஆகும். சிவப்பணுவிலுள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் இதை ஒரு நொடிக்குப் பத்து லட்சம் தடவை வரை செய்கிறது. மூன்று ஹிஸ்டிடின்கள் துத்தநாகத்தைப் பிடித்திருக்கின்றன, நான்காவது இடத்தில் ஒரு தண்ணீர் மூலக்கூறு. துத்தநாகத்தின் நேர் மின்னூட்டம் தண்ணீரின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்க, தண்ணீர் தன் ஹைட்ரஜன் ஒன்றைச் சுலபமாகக் கைவிடுகிறது. மிச்சமிருக்கும் ஹைட்ராக்சைடு கார்பன் டை ஆக்சைடின் மேல் பாய்ந்துவிடும். கண் அழுத்த நோய்க்குத் தரும் அசெட்டசோலமைடு மாத்திரை, நேராகப் போய் இந்தத் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு நொதியை நிறுத்துகிறது. கண்ணுக்குள் நீர் சுரப்பது குறைகிறது.

துத்தநாகம் எந்த வினையிலும் கலந்துகொள்ளாமல் வடிவத்தைத் தாங்கும் தூணாக மட்டும் நிற்கும் புரதங்களும் உண்டு. 1985-ல் ஆரோன் குளூக் ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் முட்டைச் செல்லில் கிடைத்த புரதத்தை ஆராய்ந்து, அதன் சங்கிலி சுமார் 30 அமினோ அமிலங்களுக்கு ஒரு முறை மடங்குவதாகச் சொன்னார். ஒவ்வொரு மடிப்பிலும் இரண்டு சிஸ்டீனும் இரண்டு ஹிஸ்டிடினும் ஒரு துத்தநாகத்தைப் பிடித்திருக்கும். துத்தநாக விரல் என்று பெயர் பெற்ற இந்த மடிப்புகள் டி.என்.ஏ.யின் பள்ளத்தில் நுழைந்து அதன் எழுத்துகளைத் தடவிப் படிக்கின்றன. மனிதனில் இத்தகைய விரல்கள் கொண்ட புரதங்களுக்கான மரபணுக்கள் எழுநூறுக்கும் மேல். இந்த இடத்தில் இரும்பையோ தாமிரத்தையோ வைத்திருந்தால் டி.என்.ஏ.க்குப் பக்கத்திலேயே வெடிமருந்து வைத்த மாதிரி. அவை பெராக்சைடோடு சேர்ந்தால் எதையும் சிதைக்கும் வீரியமான துகள்கள் பிறக்கும். சும்மா இருக்கத் தெரிந்த துத்தநாகம் அங்கே பாதுகாப்பு.

மனிதருக்குத் துத்தநாகக் குறைவு வரும் என்று 1960 வரை பெரும்பாலோர் நம்பவில்லை. அதை மாற்றியவர் பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத். ஈரானின் ஷிராஸ் நகரில் பணியாற்றியபோது, வயது இருபதைத் தாண்டியும் பத்து வயதுப் பையனைப் போல் வளர்ச்சி நின்றுபோனவர்களைப் பார்த்தார். அவர்கள் சாப்பாடு பெரும்பாலும் முழு கோதுமை ரொட்டி, கூடவே மண் தின்னும் பழக்கம். ரத்தசோகை இருந்தது, ஆனால் இரும்புக் குறைவு மட்டும் வளர்ச்சியை இப்படி நிறுத்தாது. அடுத்து எகிப்தில் செய்த ஆய்வில் துத்தநாகக் குறைவு உறுதியானது. துத்தநாகம் கொடுத்ததும் வளர ஆரம்பித்தார்கள். முழுத்தானியத்திலும் பருப்பிலும் உள்ள பைட்டேட் என்ற பொருள், குடலிலேயே துத்தநாகத்தையும் இரும்பையும் கட்டிப்போட்டுவிடுகிறது. ஊறவைத்தாலும் முளைகட்டினாலும் மாவைப் புளிக்கவைத்தாலும் பைட்டேட் குறையும். அந்த வகையில் இட்லி மாவு புண்ணியம் கட்டிக்கொள்கிறது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தோடு துத்தநாக மாத்திரையும் கொடுப்பார்கள். உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் 2004-ல் பரிந்துரைத்தது அது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மி.கி., 10 முதல் 14 நாள். வயிற்றுப்போக்கு நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடும் வீடுகள்தான் அதிகம். நாள் முடியும்வரை கொடுக்க வேண்டும்.

குழாய்த் தண்ணீரில் துடித்த இதயம்

கால்சியத்தின் கதை ஒரு சோம்பலில் இருந்து தொடங்குகிறது. 1880-களின் தொடக்கத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்புநீரில் வைத்துத் துடிக்கவைத்துக்கொண்டிருந்தார். சாதாரண உப்புநீரிலேயே இதயம் நன்றாகத் துடிக்கிறது என்று எழுதியும்விட்டார். பிறகுதான் தெரிந்தது, ஆய்வகத்தில் அந்தக் கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் தயாரிக்கவில்லை, லண்டன் குழாய்த் தண்ணீரில் தயாரித்திருக்கிறார்கள். சுத்தமான நீரில் செய்து பார்த்தபோது இதயம் நின்றுவிட்டது. குழாய்த் தண்ணீரிலிருந்த கால்சியம்தான் வேலை செய்திருக்கிறது. 1883-ல் அதைத் திருத்தி எழுதினார். இன்று வார்டில் மாட்டும் பாட்டிலில் ஆர்.எல்., அதாவது ரிங்கர் லாக்டேட், என்று எழுதியிருக்கிறதே, அதில் முதல் எழுத்து ரிங்கருடையது. அதில் கால்சியம் உண்டு.

உடலில் சுமார் ஒரு கிலோ கால்சியம் இருந்தாலும் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் அடங்கிவிடும். மிச்சம் இருக்கும் கொஞ்சம்தான் செய்தி கொண்டுபோகிறது. செல்லுக்கு வெளியே இருப்பதைவிட உள்ளே தனி கால்சியம் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. செல் இதற்காக ஓயாமல் கால்சியத்தை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. உள்ளே பாஸ்பேட் நிறைய இருப்பதால் கால்சியம் கூடினால் படிந்து இறுகிவிடும் என்பது ஒரு காரணம். இந்த ஏற்றத்தாழ்வே ஒரு வசதியும் ஆகிவிட்டது. ஒரு வாயில் நொடிப்பொழுது திறந்தாலும் உள்ளே கால்சியத்தின் அளவு பல மடங்கு எகிறும். அதைக் கவனிக்க கால்மாடுலின் போன்ற புரதங்கள் காத்திருக்கின்றன. நான்கு கால்சியம் வந்து உட்கார்ந்ததும் கால்மாடுலின் உருமாறி, வேறு நொதிகளைச் சுற்றிப் பிடித்து முடுக்கிவிடுகிறது. தசையில் அதன் உறவான ட்ரோபோனின் கால்சியத்தைப் பிடித்ததும் தசை சுருங்குகிறது. இதே வேலையை மெக்னீசியத்தால் செய்ய முடியாது. அது தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரைக் கால்சியத்தைப் போல் சட்டென்று உதறிவிட்டு வராது.

ரத்தம் உறைவதற்கும் கால்சியம் வேண்டும். ரத்தப் பரிசோதனைக்குப் போனால் ஊதா மூடி போட்ட குழாயில் பிடிப்பார்கள். உள்ளே இருக்கும் இ.டி.டி.ஏ. என்ற சேர்மம் கால்சியத்தை ஆறு பக்கமும் சுற்றிப் பிடித்துக்கொள்வதால் ரத்தம் உறையாது. ரத்ததானப் பையில் அந்த வேலையைச் சிட்ரேட் பார்க்கிறது. இயந்திரத்தில் தட்டணு மட்டும் பிரித்துத் தானம் கொடுத்தவர்களைக் கேளுங்கள். பாதியில் உதடும் விரல் நுனியும் விறுவிறுவென்று மதமதக்கும் என்பார்கள். இயந்திரத்திலிருந்து திரும்பி வரும் ரத்தத்திலுள்ள சிட்ரேட், அவர்கள் கால்சியத்தைக் கொஞ்சம் கட்டிவிடுவதன் விளைவு. அங்கிருக்கும் செவிலியர் ஒரு கால்சியம் மாத்திரையைக் கொடுத்து மென்று தின்னச் சொல்வார்.

சோடியமும் பொட்டாசியமும் புரதத்தில் இறுக்கமாக உட்காருவதில்லை, போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பவை. செல்லின் சவ்வில் உள்ள ஒரு பம்ப் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. நாம் சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போகிறது. நரம்புகள் பேசுவது இந்தச் சேமிப்பை வைத்துத்தான். பொட்டாசியத்தை விடும் வாயில் அதைவிடச் சிறிய சோடியத்தை எப்படித் தடுக்கிறது என்பது நெடுநாள் புதிர். 1998-ல் ராடரிக் மெக்கின்னன் குழு அந்த வாயிலின் வடிவத்தைக் காட்டியது. உள்ளே குறுகலான பாதையில் ஆக்சிஜன்கள் வரிசையாக நிற்கின்றன, பொட்டாசியம் தன் தண்ணீரைக் கழற்றிவிட்டு வந்தால் சரியாகத் தாங்கும் தூரத்தில். சிறிய சோடியத்துக்கு அது, சின்னக் கையில் போட்ட பெரிய வளையல் மாதிரி. எந்தப் பக்கமும் பிடிப்புக் கிடைக்காது. பிடிப்புக் கிடைக்காத இடத்துக்காகத் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரை அது ஏன் கழற்றப்போகிறது?

மெக்னீசியம் அதிகம் பேசப்படாத உழைப்பாளி. ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. செல்லுக்குள் பெரும்பாலும் மெக்னீசியத்தோடு சேர்ந்துதான் இருக்கும். டி.என்.ஏ.யைப் படியெடுக்கும் நொதிக்கு மெக்னீசியம் வேண்டும். அதனால்தான் கொரோனா காலத்து ஆர்.டி.-பி.சி.ஆர். கலவையிலும் மெக்னீசியம் உப்பு இருந்தது. ஆர்.என்.ஏ. உடல் முழுக்க எதிர் மின்னூட்டம் கொண்டது, தன்னைத்தானே விலக்கும். மெக்னீசியம் இடையில் நின்று சமாதானம் செய்தால்தான் அது மடங்கி ஓர் உருவத்துக்கு வரும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் வடிவம் கண்டு 2009-ல் நோபல் பகிர்ந்துகொண்ட, செல்லுக்குள் புரதங்களைக் கோக்கும் இயந்திரமான ரைபோசோமிலும் மெக்னீசியத்துக்குப் பஞ்சமில்லை. மெக்னீசியத்தைக் குறைத்துவிட்டால் ரைபோசோம் இரண்டு துண்டாகப் பிரிந்துவிடும்.

அரை நூற்றாண்டு மறைந்திருந்த நிக்கல்

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சம்னர் 1926-ல் யூரியாவை உடைக்கும் யூரியேஸ் என்ற நொதியைப் படிகமாக்கினார். இளம் வயதில் வேட்டை விபத்தில் ஒரு கையை இழந்தவர் அவர், அதுவும் அவர் பழகியிருந்த இடக்கையை. நொதிகள் புரதமா இல்லையா என்று பெரிய சர்ச்சை நடந்த காலம் அது. நம்மூர் வாளவரையின் நெருங்கிய உறவான ஜாக் பீன் மாவிலிருந்து எடுத்த அந்தப் படிகங்களை வைத்து, நொதி என்பது புரதமே என்றார். நம்ப மறுத்தவர்கள் பலர். 1946-ல் நோபல் வந்தது. அந்த நொதியில் நிக்கல் இருப்பது 1975-ல்தான் தெரியவந்தது. படிகமாக்கிய முதல் நொதி, எத்தனையோ ஆய்வகங்களில் கையாளப்பட்டது, அதில் உலோகம் இருப்பதை 49 ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. உயிர்களுக்கு நிக்கல் தேவைப்படும் என்ற எண்ணமே அப்போது இல்லை, தேடினால்தானே கிடைக்கும். வயலில் போடும் யூரியாவை மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் அம்மோனியாவாக உடைப்பதும், கவனிப்பாரற்ற கழிப்பறையில் மூக்கைத் துளைக்கும் நெடி எழுவதும் இந்த நொதியால்தான். வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபேக்டர் கிருமி, இரைப்பையின் அமிலத்தில் சாகாமல் தப்பிப்பதும் இதே நிக்கல் நொதியை வைத்துத்தான்.

நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி, வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். நல்ல முடிச்சு என்றால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அது லெக்ஹீமோகுளோபின், நம் ஹீமோகுளோபினின் தூரத்து உறவு. அங்கே அதன் வேலை ஆக்சிஜனை அளவாக வைத்திருப்பது, ஏனென்றால் காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும், பக்கத்திலிருக்கும் நைட்ரஜனேஸ் நொதிக்கு ஆக்சிஜன் விஷம். அந்த நொதியின் மையத்தில் ஏழு இரும்பு, ஒரு மாலிப்டினம், ஒன்பது கந்தகம், நடுவில் ஒரு கார்பன். உரத் தொழிற்சாலை 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலும் நூற்றுக்கும் மேற்பட்ட வளிமண்டல அழுத்தத்திலும் செய்யும் அம்மோனியாவை, இது வயல் மண்ணின் சூட்டில் செய்துமுடிக்கிறது.

எந்த உலோகம் எங்கே போகவேண்டும்?

இத்தனை உலோகங்கள் உள்ளே சுற்றினால் தவறான இருக்கையில் தவறான ஆள் உட்காராதா? உட்காரும். 1953-ல் இர்விங், வில்லியம்ஸ் என்ற வேதியியலாளர்கள் இருவரும் விரிவாக எழுதிய ஒரு வரிசை உண்டு. மாங்கனீசில் தொடங்கி இரும்பு, கோபால்ட், நிக்கல், தாமிரம் என்று போகப் போகப் பிடிப்பு இறுகிக்கொண்டே வரும், துத்தநாகத்தில் திரும்பக் குறையும். அதாவது எல்லா உலோகத்தையும் ஒரே பாத்திரத்தில் விட்டால் தாமிரம் எல்லா இருக்கையையும் பிடித்துவிடும். அதனால் செல் தாமிரத்தைத் தனியே உலவ விடுவதே இல்லை. ஈஸ்ட் செல்லில் 1999-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு செல்லுக்குள் கட்டற்ற தாமிரம் சராசரியாக ஓர் அயனிகூட இல்லை என்று கணக்கிட்டது. உள்ளே நுழைந்ததுமே துணைப்புரதங்கள் கையோடு பிடித்து, போகவேண்டிய நொதியிடம் நேரே ஒப்படைக்கின்றன. இரும்புக்கு வேறு வழி. ஃபெரிட்டின் என்ற கூடு 24 புரத அலகுகளால் ஆனது, உள்ளே 4,500 இரும்பு வரை அடைத்து வைக்கலாம். மருத்துவர் எழுதும் ஃபெரிட்டின் பரிசோதனை இந்தக் கையிருப்பைப் பார்ப்பதற்கு. இரும்பைக் கழித்து வெளியேற்றத் தனி வழி எதுவும் நம் உடலுக்குக் கிடையாது. பழைய சிவப்பணுக்களிலிருந்து தினமும் 20 மி.கி.க்கு மேல் மீட்டெடுத்துக்கொண்டு, உணவிலிருந்து ஒன்றிரண்டு மி.கி. மட்டும் உள்ளே விடுகிறது. ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத தலசீமியா நோயாளிகளுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றினால் இரும்பு சேர்ந்து இதயத்தையும் கல்லீரலையும் கெடுப்பதும், அதைக் கட்டி இழுத்து வெளியேற்றத் தனி மருந்து வேண்டியிருப்பதும் இதனால்.

வெளியிலிருந்து வரும் உலோகங்களுக்கு இந்தக் காவல் பழகவில்லை. ஈயத்துக்கு உடலில் எந்த வேலையும் இல்லை. ஆனால் ஹீம் தயாரிக்கும் பாதையில் ஒரு நொதியிலுள்ள துத்தநாகத்தை அது இடம்பெயர்த்துவிடும். நொதி நின்றுபோகும். அதே பாதையின் கடைசிக் கட்டத்தில் வளையத்துக்குள் இரும்பைப் பொருத்தும் வேலையையும் கெடுக்கும். இரும்பு வராத வளையத்துக்குள் துத்தநாகம் போய் உட்கார்ந்துகொள்கிறது. இந்தத் துத்தநாக வளையத்தை ரத்தத்தில் அளந்து ஈய நஞ்சைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை உண்டு. ஆனால் வெறும் இரும்புக் குறைவிலும் இதே வளையம் கூடும் என்பதால், அதைப் பார்த்த உடனே ஈயம் என்று சொல்லிவிட முடியாது. ரத்தத்திலுள்ள ஈயத்தையே அளந்தால்தான் உறுதி. குழந்தைகளுக்கு ஈயம் சேர்வது பழைய பெயிண்டிலிருந்து, பேட்டரி உடைக்கும் இடங்களின் மண்ணிலிருந்து, நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலந்த மஞ்சள்தூளிலிருந்து. இரும்புச் சத்து குறைந்த குழந்தையின் குடல், இரும்பைத் தேடி வாயில்களைப் பெருக்கி வைத்திருக்கும். அந்த வாயில் வழியே ஈயமும் கூடுதலாக நுழைகிறது. ஈயம் ஏறிய குழந்தையைக் கொண்டுவந்தால் மருத்துவர்கள் இரும்பின் அளவையும் சேர்த்துப் பார்த்து, குறைந்திருந்தால் இரும்பும் கொடுப்பது அதற்காகத்தான்.